இஸ்திரி வண்டி வரும் நேரம்

ஜூன் 11

இன்று நான் சொல்லாதது: தனபாக்கியம் அம்மாவால் தன் வீட்டுக் குக்கரைத் திறக்க முடியாது.

ஆபீஸ் மாலைக் கூட்டத்தில் மேலாளர் சுதர்சன் சார் நேராகவே கேட்டார். "வீட்டுக்குப் போனீங்களே சிந்துஜா, அந்தம்மா எப்படி மேனேஜ் பண்றாங்க?" நான், "அரிசிம்பருப்பு சாதம் பிரமாதமா செய்யறாங்க சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

காலையில் நடந்ததை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். சிங்காநல்லூரில் ஒரு தரைத்தள வீடு. கணவர் கட்டியது. அவர் போன பிறகு அம்மா தனியாகத்தான் இருக்கிறார். நான் கேமராவைச் சமையல் மேடையைப் பார்த்து வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். எங்கள் வேலைமுறை அதுதான், குறுக்கே பேசாமல் பார்ப்பது. சின்ன வெங்காயம் உரித்தார், தாளித்தார், அரிசியும் பருப்பும் போட்டார். மூடியைப் பொருத்தி, கைப்பிடியை இடுப்போடு அணைத்துக்கொண்டு, உடம்பையே திருப்பி மூடினார். மூடுவது அப்படி முடிகிறது. திறக்கும்போது குக்கர் கொதித்துக்கொண்டிருக்கும், உடம்போடு அணைக்க முடியாது. ரப்பர் வளையமும் சூட்டில் பிடித்துக்கொள்ளும்.

விசில் வந்தது. அடுப்பை அணைத்தார். ஆவி அடங்கி வெகுநேரமாகியும் அவர் குக்கர் பக்கம் போகவில்லை. பழைய கதைகள் பேசினார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி பேசினார். பசியில் எனக்குப் பாதி காதில் விழவில்லை.

சமையலறையின் பக்கக் கதவு சந்துக்குத் திறக்கும். வெளியே வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்தார். "கேமராவ நிறுத்திரு கண்ணு. முன் ரூம்ல துணி மூட்டை இருக்குது, எடுத்துட்டு வா. இஸ்திரிக்காரன் வந்துட்டான்."

"நிறுத்தீட்டேங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மூட்டை கனமில்லை. சீக்கிரம் வந்துவிட்டேன். இஸ்திரிக்காரர் வெள்ளியங்கிரி வாசற்படியில் நின்றபடி, மேடையிலிருந்த குக்கரை ஒரு கையால் பிடித்து மறு கையால் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். தினமும் செய்கிற வேலையைச் செய்கிற முகம். மூடி வந்ததும் மூக்கை உறிஞ்சினார். "இன்னைக்குப் பூண்டு தூக்கலுங்கம்மா."

"நீ வாய மூடிக்கிட்டுத் துணிய எண்ணு."

சாப்பாடு போடும்போது அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "பாத்தியா?"

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நெய் ஊத்தட்டுமா?"

ஜூன் 12

விடுதியில் தண்ணீர் வரவில்லை. நேற்றைய துணியையே இன்றும் போட்டுக்கொண்டு போனேன். என் துணிகளுக்கு இஸ்திரி கிடையாது. எனக்குச் சமைக்கவும் தெரியாது. நான் வேலை செய்வது குக்கர் கம்பெனியில்.

ஜூன் 14

தனபாக்கியம் அம்மா போன் செய்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் டிரங்க் கால் இணைத்துக் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குரல் இன்னும் அப்படியே இருக்கிறது, ஒவ்வொரு சொல்லும் துலக்கிக் கவிழ்த்து வைத்த பாத்திரம் மாதிரி. அவர் "யார் பேசறது?" என்று கேட்டால் மில் முதலாளிகள் நாற்காலியை விட்டு எழுந்துதான் பதில் சொல்வார்களாம். இதுவும் அவரே சொன்னது.

"ஆபீஸ்ல என்ன சொன்ன?"

"சாதம் நல்லா இருந்துச்சுன்னு சொன்னேங்க."

"மூடியப் பத்தி?"

"அதெல்லாம் கேக்கலீங்க."

"கேட்டிருக்காங்க. நீ சொல்லல. எக்ஸ்சேஞ்சுல இருந்தவகிட்டப் போன்ல பொய் சொல்லலாமா கண்ணு? நேர்ல சொன்னா ஏமாந்துருவேன். போன்ல முடியாது."

பிறகு அவரே சொன்னார். மகன் ஜெகதீசன் பெங்களூரில் இருக்கிறார். அப்பா இறந்தபோதே அம்மாவிடம் ஒரு பேச்சு பேசி முடித்திருக்கிறார். 'உன்னால ஆக்கித் திங்க முடியற வரைக்கும் இந்த வீட்ல இரு. முடியாமப் போற அன்னைக்கு வடவள்ளிப் பக்கம் பெரியவங்க குடியிருப்புக்குப் போயிறணும்.' அங்கே முன்பணம்கூடக் கட்டியாகிவிட்டது.

"கெட்டவன் இல்ல. அக்கறைக்காரன். அக்கறைக்காரனுக்கு ஒரு சாக்குக் கெடச்சாப் போதும், தூக்கிட்டுப் போயிருவான். அவனக் கொண்டாந்து முன் வரிசைல உக்கார வெச்சுட்டு, மூடியத் தொறங்கம்மான்னா? தொறக்காம என்ன பண்ணுவேன்?"

அவர் சொன்னது மே மாதக் கூட்டத்தை. முதியவர்களுக்கான குக்கரை முதியவர்களோடு சேர்ந்தே வடிவமைப்பது என்று கம்பெனி முடிவுசெய்து, அவர்களைக் குடும்பத்தோடு அழைத்திருந்தது. பொன்னாடை, கேசரி, போண்டா. மேடையில் 'இவர்கள் எங்கள் பங்காளிகள்' என்று பெரிய பேனர். பொங்கியண்ணன் என்கிற பழைய லாரி முதலாளி அதைப் படித்துவிட்டு, "பங்காளின்னா வரப்புத் தகராறுக்குத்தானுங்க கூப்புடுவாங்க, போண்டா எதுக்கு?" என்றார். அப்புறம் ஒவ்வொருவரும் மேடையேறி, காலியான, ஆறிய, புது ரப்பர் போட்ட குக்கரைத் திறந்தார்கள். மகன்களும் மருமகள்களும் கைதட்டினார்கள். 'அனைவரும் எளிதாகத் திறந்தனர்' என்று அறிக்கை போனது.

குடும்பத்தையும் அழைத்தால் அவர்களுக்குக் கௌரவமாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அழைப்பிதழின் வாசகம் என்னுடையது.

ஜூன் 28

நான் சொல்லவில்லை என்பது தெரிந்த பிறகு தனபாக்கியம் அம்மா மாறிவிட்டார். தொழிற்சாலைப் பட்டறைக்குத் தானே ஆட்டோ பிடித்து வருகிறார். பொங்கியண்ணனையும் வரச் சொல்லியிருந்தார். அவர் மனைவி இறந்த பிறகு சமையல் கற்றுக்கொண்டவர். மருமகள் மாடியில் இருக்கிறார். ஆனால் உலை தனித்தனி.

"மறைக்காமச் சொல்லுங்கண்ணா. நீங்க எப்புடித் தொறக்கறீங்க?"

"கையாலதானுங்க."

"யாருங்கண்ணா இங்க இருக்கறா, உங்க மருமகளா?"

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "தரையில உக்காந்து ரெண்டு காலுக்கும் நடுவுல கெட்டியாப் புடிச்சுக்குவேன். லாரி டயர் கழட்டற மாதிரி. போன மாசம் பாதத்துல சுட்டுருச்சு. செருப்புக் கடிச்சிருச்சுன்னு சொல்லிட்டேன்."

அம்மா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "விரல நம்பி எதையும் பண்ணாதீங்க கண்ணு. மணிக்கட்டையும் நம்பாதீங்க. அது ரெண்டும் எங்களுக்கு முன்னாலயே ரிட்டையர் ஆயிருச்சு. முழங்கை இருக்குது, தோள் இருக்குது. அதுக்கு வேலை குடுங்க."

மரத்துண்டு ஒன்றைச் சீவி மூடியின் பக்கவாட்டில் நீளமாகக் கட்டினோம். அம்மா முன்கையை அதன்மேல் வைத்து, கதவைத் தள்ளுவதுபோல் சும்மா சாய்ந்தார். மூடி திரும்பியது. வெந்நீர் வைத்து, விசில் விட்டு, ரப்பர் பிடித்துக்கொண்ட நிலையிலும் திரும்பியது. பொங்கியண்ணன் நான்கைந்து முறை திறந்து மூடிவிட்டு, "நீளமா இருந்தா அலமாரில நிக்காதுங்க, மடக்கற மாதிரி வெய்ங்க" என்றார். அம்மா தன் முன்கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

முதியவர்களைப் பங்கேற்க வைப்பது பற்றி நிறையப் படித்திருக்கிறேன். படித்ததிலெல்லாம் கேள்விகளை எப்படிக் கேட்பது என்றுதான் இருந்தது. பதில் சொன்னால் அவர்கள் எதை இழப்பார்கள் என்று ஒரு பக்கம்கூட இருந்ததாக நினைவில்லை.

ஜூலை 10

சுதர்சன் சாருக்கு மரத்துண்டு பிடித்திருக்கிறது. மூடி செய்யும் அச்சை மாற்றுவதுதான் பிடிக்கவில்லை. "பழைய மூடியவே எல்லாரும் ஈஸியா தொறந்தாங்கன்னு ரிப்போர்ட் இருக்கே. அப்புறம் எதுக்குப் புது அச்சுன்னு எம்.டி. கேப்பாரு. திறக்க முடியலங்கறதுக்கு ஆதாரம் காட்டுங்க. பதினாறாம் தேதி மீட்டிங். இல்லைன்னா பழைய மூடியிலயே கலர மாத்தி விட்டுருவோம்."

புதிய குழுவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்படும் என்றும் சொன்னார். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜூலை 11

அம்மாவிடம் கேட்டேன். வீட்டுக்கே போய்.

"அந்த ஒண்ணு மட்டும் வேண்டாம் கண்ணு. யோசனை எத்தன வேணும்னாலும் சொல்றேன். நாள் பூரா வந்து நிக்கறேன். என்ற கையால முடியலைன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. பொங்கியண்ணனக் கேளு, அவரு ஆம்பள, கூச்சமில்லாமக் காட்டுவாரு."

பொங்கியண்ணன் உடனே ஒத்துக்கொண்டார். சாயங்காலம் கேமராவோடு போனேன். தரையில் உட்கார்ந்தார், காலை நீட்டினார், கேமராவைப் பார்த்தார், எழுந்துவிட்டார். குக்கரை மேடையில் வைத்துக் கையாலேயே திருகினார். முகம் கறுத்து, தோள் நடுங்கி, கழுத்து நரம்பு புடைத்து, கடைசியில் திறந்துவிட்டார். "பாத்தீங்களா" என்றார். அப்போதுதான் நான் வந்த காரணம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வெகுநேரம் கையை உதறிக்கொண்டே இருந்தார்.

ஜூலை 14

கணினியில் பழைய காட்சிகளைத் தேடிக்கொண்டிருந்தேன். ஜூன் பதினொன்றாம் தேதி கேமரா நிற்கவே இல்லை.

பொத்தானை அழுத்தினேன் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

சமையல் மேடை தெளிவாக இருக்கிறது. குக்கரை மேடையின் வாசல்பக்க ஓரம் வரை நகர்த்தும் முன்கைகள். ஓரத்தில் பாதி முகம். அப்புறம் அவர் குரல்: "கொஞ்சம் தொறந்து குடு சாமி." என்னிடமோ பொங்கியண்ணனிடமோ அந்தக் குரலில் அவர் பேசியதில்லை. பிறகு வெள்ளியங்கிரியின் கைகள்.

இரண்டு முறை பார்த்தேன். அழிக்கவில்லை.

ஜூலை 15

நூலகப் புத்தகத்துக்குத் தவணை தாண்டிவிட்டது. ஈரோட்டிலிருந்து என் அம்மா பேசினாள். சாப்பிட்டாயா என்றாள். சாப்பிட்டேன் என்றேன்.

ஜூலை 16

காட்டினேன். முகத்தை மங்கலாக்கித்தான் காட்டினேன், விதிமுறைப்படி. பெயரும் சொல்லவில்லை. எம்.டி. இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு, "எங்கம்மாவும் இப்படித்தான் யாரையாவது கூப்பிட்டிருப்பாங்களோ" என்றார். புது அச்சுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது.

மூடி மாறினால் எத்தனையோ வீடுகளில் யாரும் இஸ்திரி வண்டிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதை மட்டும்தான் நினைத்தேன். கூட்டம் முடிந்ததும் சுதர்சன் சார் கை கொடுத்தார்.

ஆகஸ்ட் 9

உலோகத்தில் செய்த முதல் மாதிரி வந்தது. அம்மா வீட்டிலிருந்து அரிசியும் பருப்பும் வெங்காயமும் கொண்டுவந்து பட்டறையிலேயே சமைத்தார். ஆவி அடங்கியதும் முன்கையை வைத்துச் சாய்ந்தார். திறந்தது. பட்டறை ஆட்கள் எல்லோருக்கும் கரண்டி கரண்டியாகப் போட்டார். பொங்கியண்ணன், "பூண்டு கொறைச்சலுங்க" என்றார். "உங்களுக்கும் அந்த இஸ்திரிக்காரனுக்கும் ஒரே நாக்குதான் போங்க" என்றார் அம்மா.

இது வீட்டுக்கு வந்துவிட்டால் ஜெகதீசன் எப்போது வந்து பார்த்தாலும் பரவாயில்லை என்று சொன்னார். வெள்ளியங்கிரியிடம் இனித் துணியை மட்டும் போடலாமாம்.

கிளம்பும்போது கேட்டார். "அச்ச மாத்த எப்புடி ஒத்துக்கிட்டாங்க?"

"பேசிப் பாத்தேங்க. புரிஞ்சுக்கிட்டாங்க."

"கெட்டிக்காரி" என்று கன்னத்தைத் தட்டினார்.

நேரில்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 21

குழுப் பொறுப்பு எனக்கு. ஆணை வந்துவிட்டது. விடுதித் தோழிகளுக்கு மைசூர்பா வாங்கிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 18

டீலர்கள் மாநாட்டில் விளம்பரப் படத்தைப் போட்டார்கள். என்னிடம் முன்னால் காட்டவில்லை. அல்லது காட்டக் கூப்பிட்டபோது நான் பட்டறையில் இருந்தேன்.

பாதிப் படம் அந்தச் சமையலறைதான். முகம் மங்கல். கைகள், குக்கர், வாசற்படி. இசை நின்று, அரங்கம் அமைதியாகும் இடத்தில் அந்தக் குரல் மட்டும் வருகிறது. "கொஞ்சம் தொறந்து குடு சாமி." திரை கறுத்து எழுத்து வருகிறது: 'உங்கள் அம்மா யாரிடம் கேட்கிறார்?' டீலர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

நான் சுதர்சன் சாரிடம் போய், "குரல எடுத்திருக்கலாமே சார்" என்றேன்.

"குரல்தானே உயிரே. முகந்தான் மறைச்சாச்சே. கையெழுத்துப் போட்ட ஒப்புதலும் இருக்கு. என்ன பிரச்சினை?"

அவருக்குத் தெரியாது. அவர் போனில் தனபாக்கியம் அம்மாவோடு பேசியதே இல்லை. நான் ஒன்றும் விளக்கவில்லை.

மாலைக்குள் அது எல்லாருடைய போனிலும் இருந்தது. ஈரோட்டிலிருந்து அம்மா எனக்கே அனுப்பியிருந்தாள். 'உங்க கம்பெனிதானே? பாத்து அழுதுட்டேன்' என்று.

செப்டம்பர் 19

தனபாக்கியம் அம்மா போனை எடுக்கவில்லை. பிஸியாக இருந்தது, பிறகு மணி அடித்து நின்றது.

செப்டம்பர் 21

அவரே கூப்பிட்டார்.

"சிந்துஜாங்களா? படம் பாத்தேனுங்க. நல்லா எடுத்திருக்கறீங்க."

இத்தனை நாளில் அவர் என்னை 'ங்க' போட்டு அழைத்ததில்லை.

"ஜெகதீசன் ஆபீஸ் போறப்ப யாரோ அனுப்புனாங்களாம். முகத்தப் பாக்கல, சத்தத்தக் கேட்டானாம். வண்டிய ரோட்டோரம் நிறுத்திட்டு அழுதானாம். 'எங்கிட்டக் கேக்காம ரோட்ல போறவன்கிட்டக் கேட்டியாம்மா'ங்கறான். அவன் அழுதா நான் என்னத்தச் சொல்றது? நாளான்னைக்கு வாரான். வடவள்ளிக்குச் சொல்லிட்டானாம்."

"புதுக் குக்கர் வந்துரும்ங்க. நான் அவர்கிட்டப் பேசறேன். இப்ப உங்களால தொறக்க முடியும்னு..."

"அவனுக்கு இப்ப மூடி கணக்கில்லீங்க. நான் மறைச்சதுதான் கணக்கு. இன்னும் என்னென்ன மறைக்கறேனோன்னு வீடு பூரா தேடுவான்." மூச்சு விட்டார். "முகத்த எதுக்குங்க மறைச்சீங்க? இந்த ஊர்ல என்ற முகம் யாருக்குத் தெரியும்? முப்பது வருசமாச் சத்தத்தத்தானே தெரியும்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அன்னைக்கு நிறுத்தீட்டேன்னு சொன்னீங்களே."

இதற்கு நான் சொன்ன பதிலை எழுதப் போவதில்லை. போனில் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "செரிங்க" என்று வைத்துவிட்டார்.

அக்டோபர் 8

சிங்காநல்லூர் போனேன். வீடு பூட்டியிருந்தது. சமையலறை ஜன்னலும் சாத்தியிருந்தது. வெள்ளியங்கிரி சந்தில் வண்டியை நிறுத்தி, எதிர் வீட்டுச் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா எப்ப போனாங்க?"

"ஆயுதபூசைக்கு முந்தியே போயிட்டாங்க. பாத்திரத்தையெல்லாம் கோயிலுக்குக் குடுத்துட்டாங்க. குக்கர மட்டும் யாருக்கும் குடுக்காம அவங்க மகன் பழைய இரும்புக்குப் போட்டுட்டாரு." பெட்டியைத் தூக்கிக் கரியை ஊதினார். "அந்தப் படத்துல என்ற கையும் வருதுன்னாங்க. நான் பாக்கலீங்க."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"தேய்க்கறதுக்குத் துணி இருக்குதுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அடுத்த சட்டையை எடுத்து விரித்தார்.

அக்டோபர் 9

அலுவலகத்தில் பெட்டியின்மேல் அச்சடிக்க வேண்டிய வாசகத்துக்கு ஒப்புதல் கேட்டார்கள். 'பெரியவர்களோடு சேர்ந்து வடிவமைத்தது.' தவறு ஒன்றும் இல்லை. ஒப்புதல் கொடுத்தேன்.

ஜனவரி 23

பொங்கலுக்கு முந்தைய வாரம் குக்கர் கடைகளுக்கு வந்தது. நன்றாக விற்கிறது. அறிமுக விழாவில் பொங்கியண்ணன் மேடையேறி முன்கையால் திறந்து காட்டினார். பொன்னாடை போட்டார்கள். தனபாக்கியம் அம்மாவுக்கு அனுப்பிய அழைப்பிதழுக்குப் பதில் இல்லை.

இன்று ஒரு குக்கரை எடுத்துக்கொண்டு வடவள்ளி போனேன். அவர் பிரார்த்தனைக் கூடத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். காத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இன்று பார்க்க முடியாது என்று பதில் வந்தது. குக்கரை வாசல் அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு, பெயர் எழுதி ஒட்டி, அலமாரியில் வைத்தார்கள். அறைக்குக் கொண்டுபோக அனுமதி இல்லை. அங்கே அறைகளில் அடுப்பு கிடையாது. மதியச் சாப்பாடு பன்னிரண்டரை மணிக்குக் கீழே கூடத்தில் போடுகிறார்கள்.